சொல்லும் அதன் சுற்றமும்: உயர்நிலை ஆங்கிலச் சொற்களைக் கற்பவர்களுக்கு

வெளிநாட்டில் படிக்கவும் குடியேறவும் கேட்கப்படும் ஆங்கிலத் திறன் தேர்வான ஐஇஎல்டிஎஸ்-க்கு எழுதிப் பழகும் கட்டுரைகளில் அடிக்கடி கண்ணில் படும் தொடர் ஒன்று உண்டு: ‘எ ப்ளெத்தோரா ஆஃப் பெனிஃபிட்ஸ்’. ஏராளமான நன்மைகள் என்று சொல்ல நினைத்து எழுதுகிறார்கள். ஆனால் ப்ளெத்தோராவில் ‘தேவைக்கு மேல்’ என்ற சாயல் இருக்கிறது. விதிகள் மலிந்து குழப்பும்போதும், செயலிகள் பெருகி எதைத் தேர்வது என்று தெரியாதபோதும் அந்தச் சொல் கச்சிதமாக உட்காரும். நன்மைகளோடு சேர்த்தால் எதையோ குறைசொல்ல வருகிறார் என்று படிப்பவர் எதிர்பார்ப்பார். அதே கட்டுரையின் அடுத்த பத்தியில் ‘டிஸ்கஸ் அபவுட்’, ‘டெஸ்பைட் ஆஃப்’ போன்ற பிழைகள் இருக்கும். பெரிய சொல் தெரிகிறது; அது எவற்றோடு கூடி வாழும், எவற்றோடு சேராது என்பது தெரிவதில்லை. உயர்நிலைச் சொற்களைக் கற்பிக்கும் எங்கள் அனுபவத்தில், தமிழ் மாணவர்களுக்கு மதிப்பெண் கசியும் இடம் பெரும்பாலும் இதுதான்.

ஐஇஎல்டிஎஸ் எழுத்துத் தேர்விலும் பேச்சுத் தேர்விலும் மதிப்பெண்ணில் கால் பங்கு சொல்வளத்துக்குப் போகிறது. 7-ஆம் பேண்டுக்கான (மதிப்பெண் நிலைக்கான) அளவுகோல், அதிகம் புழங்காத சொற்கள் வருகின்றனவா என்பதோடு நிற்பதில்லை. நடையும் சொற்சேர்க்கையும் அறிந்து அவை ஆளப்பட்டிருக்கின்றனவா என்றும் கேட்கிறது. பட்டியலை மனப்பாடம் செய்தால் முதல் பாதி கிடைக்கும், இரண்டாவது கிடைக்காது. வெளிநாட்டு முதுகலைச் சேர்க்கைக்கு எழுதும் ஜிஆர்இ வேறு கணக்கு. அதன் மொழிப் பிரிவில் சொல்லை நீங்கள் எழுதிக் காட்ட வேண்டியதில்லை, அடையாளம் கண்டால் போதும். ஆனால் 2011 ஆகஸ்டில் தேர்வை மாற்றியமைத்தபோது எதிர்ச்சொல் கேள்விகளையும் ஒப்புமைக் கேள்விகளையும் நீக்கிவிட்டார்கள். இப்போது எல்லாமே வாக்கியத்துக்குள் வைத்துத்தான் கேட்கப்படுகின்றன. ‘சொல், எதிரே ஒற்றைப் பொருள்’ என்ற வடிவிலான பழைய பட்டியல்கள் அந்த நீக்கப்பட்ட கேள்விகளுக்காகப் பிறந்தவை. இன்றைய தேர்வுக்கு அவற்றை மட்டும் நம்ப முடியாது.

ஆகவே ஒரு சொல்லைக் குறிப்பேட்டில் ஏற்றும் முன்பே முடிவு செய்யுங்கள்: இதை அறிந்தால் போதுமா, இல்லை ஆள வேண்டுமா? லக்கானிக் (சுருங்கப் பேசுகிற), பெர்ஃபங்க்டரி (கடமைக்குச் செய்கிற), அப்ஸ்ட்ரெப்பரஸ் (அடங்காமல் கூச்சலிடுகிற) போன்றவை வாசிக்கும்போது புரிந்தால் போதும். கட்டுரையில் அவற்றைப் புகுத்த வேண்டிய தேவை எளிதில் வராது. அண்டர்மைன் (வலுவிழக்கச் செய்), சஸ்டெய்ன் (தொடர்ந்து நிலைநிறுத்து), ஃபாஸ்டர் (வளர்த்தெடு), கன்ஸ்ட்ரெய்ன் (கட்டுப்படுத்து), மிட்டிகேட் (பாதிப்பைத் தணி) ஆகியவை ஆள வேண்டியவை. எந்தத் தலைப்பைக் கொடுத்தாலும், கல்வி, போக்குவரத்து, தண்ணீர் என எதுவானாலும், இவற்றுக்கு வேலை இருக்கும். கவனித்துப் பாருங்கள், எல்லாமே வினைகள். நல்ல ஆங்கில உரைநடையின் உயரம் அரிய பெயரடைகளால் வருவதில்லை. நடுத்தர அளவில் புழங்கும் துல்லியமான வினைகளால் வருகிறது. மாணவர்களின் நேரத்தில் பெரும்பகுதி இந்த வினைகளுக்கே போக வேண்டும் என்பது எங்கள் உறுதியான கருத்து.

எங்கிருந்து தொடங்குவது? 1953-இல் மைக்கேல் வெஸ்ட் வெளியிட்ட சுமார் 2,000 சொற்களின் பொதுப் பட்டியல் பெரும்பாலான பட்டதாரிகளுக்குத் தெரிந்தே இருக்கும். அதற்கு அடுத்த படியாக, நியூசிலாந்தின் விக்டோரியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஏவ்ரில் காக்ஸ்ஹெட் 2000-ஆம் ஆண்டில் வெளியிட்ட கல்விப்புலச் சொற்பட்டியல் இருக்கிறது. மொத்தம் 570 சொற்குடும்பங்கள். பயன்பாட்டு அளவை வைத்துப் பத்துப் பிரிவுகள். முதல் ஒன்பதில் 60 வீதம், கடைசியில் 30. இதைத் தாண்டாமல் அரிய சொற்களுக்கு ஓடுபவர்கள் பலர். ‘கான்ஸ்டிட்யூட்’ (ஒன்றாக அமை) என்ற சொல்லைச் சரியாக ஆளத் தெரியாதவருக்கு அப்ஸ்ட்ரெப்பரஸ் எந்த உதவியும் செய்யாது.

இனி முக்கியமான இடத்துக்கு வருவோம். தமிழ்ப் பொருளை எதிரே எழுதிப் படிப்பதில் தவறில்லை. தாய்மொழியில் பொருள் தெரிந்தால் சொல் விரைவில் பிடிபடும். சிக்கல், ஒற்றைத் தமிழ்ச் சொல்லை எழுதும்போது வருகிறது. ‘தணி’ என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். தமிழில் தாகம் தணிப்போம், வலி தணிப்போம், அச்சம், கோபம், பதற்றம், பாதிப்பு எல்லாவற்றையும் அதே வினையால் தணிப்போம். ஆங்கிலம் ஒவ்வொன்றுக்கும் வேறு வினையை வைத்திருக்கிறது. தாகத்துக்கு க்வெஞ்ச். வலிக்கும் வறுமைக்கும் அலீவியேட். அச்சத்துக்கும் ஐயத்துக்கும் அலே. குற்ற உணர்வுக்கு அஸ்வேஜ். ஆபத்துக்கும் பாதிப்புக்கும் மிட்டிகேட். இரு தரப்பு மோதிக்கொள்ளும் நிலையில் எழும் பதற்றத்துக்கு டிஃப்யூஸ். வெடிகுண்டின் திரியை அகற்றுவது என்ற பொருளில் வருவது. எழுத்துக்கூட்டலில் ஓர் உயிரெழுத்து மாறி இன்னோர் எஃப் சேர்ந்தால் ‘பரப்பு’ என்று பொருள்படும் வேறு சொல்லாகிவிடும், அதில் எச்சரிக்கை. கோபத்துக்கு ப்ளக்கேட் என்று எழுதுபவர்கள் கவனிக்க வேண்டியது, அந்த வினை கோபத்தைவிடக் கோபம் கொண்ட ஆளையே செயப்படுபொருளாக விரும்பும். வாடிக்கையாளரை ப்ளக்கேட் செய்யலாம், தொழிற்சங்கத்தைச் செய்யலாம்.

இந்த எல்லாவற்றுக்கும் எதிரே ‘தணி’ என்று மட்டும் எழுதி வைத்தவர், தேர்வு அறையில் தாகத்தை மிட்டிகேட் செய்வார். ஆகவே பொருளைச் சொல்லாக எழுதாமல் சேர்க்கையாக எழுதுங்கள்: மிட்டிகேட், ‘பாதிப்பைத் தணி’, அலே, ‘அச்சத்தைத் தணி’. கூடுதலாக எழுதுவது ஒரே ஒரு சொல்தான்.

எதிர்த் திசையிலும் இதைச் செய்யலாம், செய்யவும் வேண்டும். குறிப்பேட்டில் ஒரு பக்கத்தின் மேலே ‘கடும்’ என்று எழுதிக்கொள்ளுங்கள். கீழே தமிழில் அது வரும் சேர்க்கைகள்: கடும் மழை, கடும் வறட்சி, கடும் போட்டி, கடும் விமர்சனம், கடும் உழைப்பு, கடும் கட்டுப்பாடு. மழைக்கு ஹெவி, வறட்சிக்கு சிவியர், போட்டிக்கு ஃபியர்ஸ் அல்லது ஸ்டிஃப், விமர்சனத்துக்கு ஹார்ஷ், உழைப்புக்கு ஹார்ட், கட்டுப்பாட்டுக்கு ஸ்ட்ரிக்ட். இந்தப் பக்கத்தை ஒரே நாளில் நிரப்பாதீர்கள். பொருள் நெருங்கிய சொற்களை ஒன்றாகக் கற்றால் அவை ஒன்றோடொன்று கலந்து, எது எதற்கு என்ற நினைவு குழம்பிவிடும். ‘மகிழ்ச்சிக்குப் பத்துச் சொற்கள்’ வகைக் காணொளிகள் பயன் தராமல் போவதும் இதனால்தான். வாசிப்பில் ஒவ்வொன்றாக எதிர்ப்படும்போது அந்தப் பக்கத்துக்கு வந்து ஒவ்வொரு வரியாக நிரப்புங்கள். அகரவரிசைப் பட்டியலுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். அட்வர்ஸ் (பாதகமான), அவர்ஸ் (விரும்பாத) இரண்டையும் ஒரே நாளில் படித்தவர்கள் மாதக்கணக்கில் தடுமாறுவதைப் பார்த்து வருகிறோம். ஒன்று உறுதியாக நிலைத்து, குறைந்தது இரண்டு வாரம் கழிந்த பிறகு மற்றதைத் தொடுங்கள்.

முன்னிடைச் சொல் விஷயத்தில் தமிழர்களுக்கு ஒரே ஒழுங்கில் நிகழும் பிழை ஒன்று உண்டு. டிஸ்கஷன், எம்ஃபசிஸ், ரிக்வெஸ்ட், டிமாண்ட், லேக் ஆகியவை பெயராக வரும்போது அபவுட், ஆன், ஃபார், ஆஃப் போன்றவற்றைச் சேர்த்துக்கொள்ளும். அவற்றின் வினைவடிவங்கள் எதையும் கேட்பதில்லை. செயப்படுபொருள் நேராக வந்து நிற்கும். ‘டிஸ்கஸ் த இஷ்யூ’, ‘எம்ஃபசைஸ் த நீட்’, ‘டிமாண்ட் அன் அப்பாலஜி’. நமக்கு ‘பற்றி விவாதிப்பது’ பழகியதால் அபவுட் தானாக ஒட்டிக்கொள்கிறது. கம்ப்ரைஸ் என்ற வினைக்குப் பின் ஆஃப் வராது. கன்சிஸ்ட் என்பதற்கு ஆஃப் வேண்டும். இவற்றைப் பொருளோடு சேர்த்தே குறிக்காவிட்டால் பின்னால் திருத்துவது கடினம்.

ஆள வேண்டிய ஒவ்வொரு சொல்லுக்கும் ஓர் அட்டை தயாரியுங்கள். மிட்டிகேட் என்ற சொல்லுக்கான அட்டையில் இருக்க வேண்டியவை: வினை, செயப்படுபொருளை நேராகக் கொள்ளும், பின்னால் அகெய்ன்ஸ்ட் வராது (அது மிலிட்டேட் என்ற வேறு வினைக்கு உரியது, இரண்டையும் குழப்புபவர்கள் நிறைய), அருகில் வரும் பெயர்கள் ரிஸ்க், இம்பாக்ட், எஃபெக்ட்ஸ், டேமேஜ், பெயர்வடிவம் மிட்டிகேஷன், நடை முறைசார்ந்தது, அரட்டையில் வராது. பிறகு அகராதியிலிருந்து அப்படியே எடுத்த ஒரு வாக்கியம், நீங்களே எழுதிய ஒரு வாக்கியம். ‘த கவர்ன்மென்ட் ஷுட் மிட்டிகேட் த ப்ராப்ளம்’ என்று எழுதினால் பயனில்லை. அதில் மிட்டிகேட்டுக்குப் பதில் எந்த வினையை வைத்தாலும் பொருந்தும், அதனால் மனத்தில் எதுவும் தங்காது. ‘ரெஸ்டோரிங் த பள்ளிக்கரணை மார்ஷ் வுட் மிட்டிகேட் த இம்பாக்ட் ஆஃப் ஃப்ளட்ஸ் இன் சவுத் சென்னை’ என்று எழுதுங்கள். இடமும் காரணமும் விளைவும் இருக்கின்றன. அந்த வாக்கியத்தில் வினையை மாற்றினால் உடனே உறுத்தும்.

அகராதியைப் பொறுத்தவரை, கற்பவர்களுக்கென்றே செய்யப்பட்டவற்றைப் பயன்படுத்துங்கள். இந்த வகையின் முன்னோடிகளில் ஒன்றான ஹார்ன்பியின் அகராதி 1942-இல் தோக்கியோவில் அச்சானது. ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்துக்கொண்டிருந்தவர் அவர். ஒரு பெயர் எண்ணத்தக்கதா, வினைக்குச் செயப்படுபொருள் வேண்டுமா, சொல் முறைசார்ந்ததா, இகழ்ச்சிக் குறிப்புள்ளதா என்பதையெல்லாம் கற்பவர் அகராதிகள் அடையாளமிட்டுக் காட்டும். இணைச்சொற்களைத் தொகுத்துத் தரும் தெசாரஸ் வகை நூல்களைத் தெரியாத சொல்லைத் தேட ஒருபோதும் பயன்படுத்தாதீர்கள். முன்பே தெரிந்த சொல்லை நினைவுக்குக் கொண்டுவர மட்டுமே அவை உதவும். ‘சிம்ப்பிள்’ என்பதற்கு மேலான சொல் தேடி ‘சிம்ப்லிஸ்டிக்’ எழுதுபவர், தன் வாதத்தையே ‘சிக்கலைப் புரிந்துகொள்ளாத அரைகுறை வாதம்’ என்று சொல்லிவிடுகிறார். ஃப்ரூகல் சிக்கனத்தைப் பாராட்டும். பார்சிமோனியஸ் கஞ்சத்தனம் என்று இடித்துரைக்கும். அட்டையின் மூலையில் கூட்டல், கழித்தல் அல்லது சுழி ஒன்றைப் போட்டுவையுங்கள். ஜிஆர்இ-யில் விடையைத் தேர்வதற்குச் சில சமயம் அந்தக் குறி மட்டுமே போதுமாக இருக்கும்.

மறதியின் வேகத்தை 1885-இலேயே ஜெர்மன் உளவியலாளர் எபிங்ஹாஸ் அளந்து காட்டிவிட்டார். அதற்கு மருந்து இடைவெளி விட்டுத் திரும்பப் பார்ப்பது. அட்டைகளை அப்படி இடைவெளி விட்டுக் காட்டும் ஆங்கி செயலி கணினியிலும் ஆண்ட்ராய்டிலும் இலவசம். செயலி வேண்டாம் என்பவர்கள் லைட்னரின் ஐந்து பெட்டி முறையைக் காகித அட்டைகளோடு பின்பற்றலாம்: சரியாகச் சொன்ன அட்டை அடுத்த பெட்டிக்கு, தவறினால் முதல் பெட்டிக்கே; பின்னால் உள்ள பெட்டிகளை நாள் தள்ளிப் பார்ப்பது. எண்ணிக்கையில்தான் பெரும்பாலோர் சறுக்குகிறார்கள். ஒரு நாளைக்கு 30 புதிய சொற்கள் என்று தொடங்கினால் முதல் வாரம் உற்சாகமாக இருக்கும். தினசரி மறுபார்வை, புதியவற்றைப் போல ஏழு முதல் பத்து மடங்கு வரை வளரும். சில வாரங்களில் நாளொன்றுக்கு 200 அட்டைகளுக்கு மேல் வந்து நிற்கும். இரண்டு நாள் விட்டால் மலைத்துப்போய் மொத்தமாகக் கைவிடுவார்கள். எட்டுச் சொற்கள் போதும். மறுபார்வை 60 முதல் 80 அட்டைகளுக்குள் அடங்கும், சுமார் 25 நிமிடம். புதிய அட்டைகளைத் தயாரிக்க இன்னொரு 20 நிமிடம். மூன்று மாதத்தில் 720 சொற்கள். காக்ஸ்ஹெட் பட்டியலில் பல முன்பே தெரிந்திருக்கும் என்பதால், அதை முடித்து ஜிஆர்இ சொற்களுக்குள் நன்றாகவே போயிருப்பீர்கள்.

அட்டையின் முன்பக்கத்தில் சொல்லையும் பின்பக்கத்தில் பொருளையும் வைத்தால் அறிதல் மட்டுமே வளரும். ஆள வேண்டிய சொற்களுக்கு முன்பக்கத்தில் கோடிட்ட இடத்தோடு வாக்கியத்தை வையுங்கள், முதல் எழுத்தை மட்டும் கொடுங்கள். விடையை வாய்விட்டுச் சொன்ன பிறகே திருப்புங்கள். ஒரே அட்டையை எட்டு முறை மறந்தால் ஆங்கி அதை ‘லீச்’ என்று அடையாளமிடும், அமைப்பைப் பொறுத்து ஒதுக்கியும் வைக்கும். அதை மீண்டும் உள்ளே தள்ளாமல் வாக்கியத்தை மாற்றி எழுதுங்கள். பெரும்பாலும் வாக்கியம் பொதுப்படையாக இருப்பது அல்லது அதைப் போன்ற இன்னொரு சொல் உள்ளே இருப்பதுதான் காரணம்.

வேர்ச்சொற்களைப் படிப்பது ஓரளவுக்குப் பயன் தரும். பெனி நன்மை, மேல் தீமை, க்ரோன் காலம் என்று இருபது, முப்பது தெரிந்திருந்தால் நல்லது. அதற்கு மேல் அதை நம்பக் கூடாது. ஜிஆர்இ-யில் வரும் சொற்கள் சில ஒலியால் ஏமாற்றுபவை. எனர்வேட் சோர்வடையச் செய்வது, ஆற்றல் தருவதல்ல. நாய்சம் என்பதற்கும் சத்தத்துக்கும் தொடர்பில்லை, அது அருவருப்பானது. ரெஸ்டிவ் என்றால் ஓய்வு இல்லை, பொறுமையிழந்து திமிறுவது. இவற்றைவிட ஆபத்தானவை, தெரியும் என்று நாம் நினைத்துக் கடந்துபோகும் எளிய சொற்களின் இரண்டாவது பொருள்கள். க்வாலிஃபைட் சப்போர்ட் என்றால் தகுதி பெற்ற ஆதரவு இல்லை, நிபந்தனைகளோடு தரும் ஆதரவு. செக் என்றால் தடுத்து நிறுத்து. ஃப்ளாக் வினையாக வந்தால் தளர்ந்துபோ. அரெஸ்டிங் கண்ணைக் கவர்வது. பெடஸ்ட்ரியன் பெயரடையாக வந்தால் சுவையற்ற, சாதாரணமான. டெம்பர் மட்டுப்படுத்து. வான்ட் பெயராக வந்தால் குறைபாடு. ஹஸ்பண்ட் வினையாக வந்தால் சிக்கனமாகக் காத்துப் பயன்படுத்து. இவற்றுக்கென்று தனிப் பக்கம் ஒதுக்குங்கள். பள்ளியிலிருந்தே தெரிந்த சொற்கள் என்பதால் எந்தப் பட்டியலும் நம் கண்ணை அங்கே நிறுத்தாது.

ஜிஆர்இ மொழிப் பிரிவில் இப்போது 27 கேள்விகள்: முதல் பகுதியில் 12, 18 நிமிடம், இரண்டாவதில் 15, 23 நிமிடம். கோடிட்ட இடத்தை நிரப்பும்போது விடைகளைக் கையால் மறைத்துக்கொண்டு வாக்கியத்தைப் படியுங்கள். ஆல்தோ, டெஸ்பைட் இருந்தால் திசை மாறுகிறது; முக்காற்புள்ளி இருந்தால் பெரும்பாலும் அடுத்த பகுதி முதற்பகுதியை விளக்குகிறது. அந்த இடத்துக்கு உங்கள் சொந்தச் சொல் ஒன்றைப் போடுங்கள், தமிழிலேயே போடலாம். பிறகு விடைகளைப் பாருங்கள். ஆறு விடைகளிலிருந்து, வாக்கியத்துக்கு ஒரே பொருள் தரும் இரண்டைத் தேரும் வகையில் இரண்டும் சரியாக இருந்தால்தான் மதிப்பெண், ஒன்றுக்குப் பாதி கிடையாது. அங்கே வைக்கப்படும் பொறிகள் இரண்டு: வாக்கியத்துக்குப் பொருந்தாத ஓர் இணைச்சொற் சோடி, அழகாகப் பொருந்தும், ஆனால் துணையில்லாத தனிச்சொல்.

உச்சரிப்பைத் தமிழ் எழுத்தில் குறித்துவைக்கும் வழக்கம் நம்மிடம் உண்டு. நினைவூட்டலுக்கு அது சரி, ஆனால் அதை மட்டும் நம்ப வேண்டாம். நம் ‘ப’ இரண்டு ஆங்கில ஒலிகளுக்கு நிற்கிறது, ‘வ’வும் அப்படியே. அழுத்தம் எந்த அசையில் என்பதைக் காட்ட நம் எழுத்தில் வழியே இல்லை, தமிழில் அது பொருளை மாற்றுவதும் இல்லை. பேச்சுத் தேர்வில் பெரிய சொல்லைச் சொல்லியும் தேர்வாளருக்குப் புரியாமல் போவது பெரும்பாலும் இதனால்தான். அகராதியின் ஒலிப்பதிவை மூன்று முறை கேட்டு, அழுத்தம் விழும் அசைக்குக் கீழே கோடிடுங்கள். சில ஒழுங்குகள் கைகொடுக்கும். ‘ஷன்’, ‘இக்’, ‘இட்டி’ என்று முடிபவற்றில் பெரும்பாலும் அதற்கு முந்திய அசையில் அழுத்தம் விழும். மிட்டிகேட், அலீவியேட், கரோபரேட் போன்ற வினைகளில் கடைசியிலிருந்து மூன்றாவது அசையில் விழும். டெலிபரேட், எலாபரேட், மாடரேட் ஆகியவை வினையாக வரும்போது முடிவில் ‘எய்ட்’ என்று நீளும், பெயரடையாக வரும்போது ‘இட்’ என்று சுருங்கும். டிட்டர்மின், ஜெனுயின் இரண்டின் முடிவையும் ‘ஐன்’ என்று நீட்டுவது நம் ஊர் வழக்கம், விட்டுவிட வேண்டியது. சட்டில் என்பதில் பி ஒலிக்காது. எபிட்டமி, ஹைபர்பலி இரண்டும் எழுத்தைப் பார்த்துப் படித்தால் தவறாகவே வரும்.

வாசிப்புக்கு எதை எடுப்பது என்பதற்கு எளிய சோதனை இருக்கிறது. அகராதியில்லாமல் தடையின்றிப் படிக்க, பனுவலில் 98 விழுக்காட்டுச் சொற்கள் தெரிந்திருக்க வேண்டும் என்பது பால் நேஷன் போன்ற ஆய்வாளர்கள் வைக்கும் அளவு. சுமார் 300 சொற்கள் உள்ள ஒரு பக்கத்தில் ஆறுக்கு மேல் தெரியாத சொற்கள் இருந்தால், அந்தப் பனுவலை இப்போதைக்கு ஒதுக்கிவையுங்கள். நாளிதழ்த் தலையங்கம் கனமாக இருந்தால் அதே செய்தித்தாளின் அறிவியல் பக்கத்திலிருந்தோ விளையாட்டுக் கட்டுரையிலிருந்தோ தொடங்கலாம். கடினமானதைப் படித்தால்தான் வளரும் என்று பிடிவாதமாக இருப்பவர்கள், வரிக்கு வரி அகராதி பார்த்து இரண்டு பக்கத்தில் களைத்துவிடுகிறார்கள். ஒரு வாசிப்பிலிருந்து எட்டுச் சொற்களுக்கு மேல் எடுக்க வேண்டாம். மீதி இன்னொரு நாள் எதிர்ப்படும்.

எழுதும்போது, 250 சொற்கள் கொண்ட ஐஇஎல்டிஎஸ் கட்டுரையில் புதிதாகக் கற்ற சொற்கள் மூன்றுக்கு மேல் வேண்டாம். ஒரு சேர்க்கை சரியா என்று ஐயம் வந்தால், நூறு கோடிச் சொற்கள் கொண்ட அமெரிக்க ஆங்கிலத் தரவகமான கோக்காவில் பதிவு செய்துகொண்டு இலவசமாகத் தேடிப் பார்க்கலாம். ‘அலே கன்சர்ன்ஸ்’ என்று தேடினால் எடுத்துக்காட்டுகள் குவியும். ‘அலே தர்ஸ்ட்’ (தாகம்) என்று தேடினால் தேறுவது சொற்பம். கணிசமாக எதுவும் வராத சேர்க்கையை எழுதாதீர்கள், எளிய சொல்லுக்கே திரும்பிவிடுங்கள். மாதக் கடைசியில் அந்த மாதத்து ஆள்சொற்களில் இருபதைக் கண்ணை மூடி எடுத்து, 40 நிமிடத்துக்குள் ஒரே தலைப்பில் இரண்டு பத்தி எழுதிப் பாருங்கள். இயல்பாக வந்து அமர்ந்தவை இருக்கட்டும். இழுத்து உட்காரவைக்க வேண்டியிருந்தவற்றை அறிசொற் கட்டுக்கு மாற்றிவிடுங்கள். இன்னும் சில வாசிப்புகளில் அவற்றைப் பார்த்த பிறகு மறுபடி எடுத்துக்கொள்ளலாம்.